குருதி தரும் கணக்கு

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு மார்கழி வைகறையில், சுபுஹுத் தொழுகைக்கு ஒளுச் செய்ய எழுந்தேன். குழாயைத் திருக என் விரல்கள் இசையவில்லை. குளிரின் வேலை என்றெண்ணி வாளாவிருந்தேன். கோடை வந்தும் காலை விறைப்பு ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடித்தது; அத்தஹிய்யாத்து இருப்பில் அமரவும் இயலவில்லை. அதன் பின்னரே மருத்துவரை நாடினேன். முடக்குவாதம் என்றார். உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றல் வழி தவறி, மூட்டுகளின் உட்சவ்வையே பகையெனத் தாக்கும் நோய் அது.

மெத்தோட்ரெக்சேட் மாத்திரையை வாரத்தில் ஒரே நாள் உண்ணப் பணித்தார். அன்றாடம் உண்டால் உயிருக்கே ஊறு என எச்சரித்தார். உரிய இடைவெளிகளில் இரத்தப் பரிசோதனையும் கட்டாயம் என்றார். ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. என்னும் இரண்டும் அழற்சியின் அளவைக் காட்டுவன. நிறுத்திவைத்த குழாயில் சிவப்பணுக்கள் ஒரு மணி நேரத்தில் எத்தனை மில்லிமீட்டர் இறங்குகின்றன என்பதே ஈ.எஸ்.ஆர். அணுக்களின் எண்ணிக்கையும் கல்லீரல் அளவுகளும் மருந்தின் பக்கவிளைவைச் சொல்வன. கிரியேட்டினின் சிறுநீரகத்தின் நிலையைச் சொல்வது. தசைகளில் தோன்றும் அக்கழிவைச் சிறுநீரகம் வடித்து வெளியேற்றுகிறது. வடித்தல் குன்றினால் அது குருதியில் தேங்கும். மெத்தோட்ரெக்சேட்டும் பெரும்பாலும் அவ்வழியே வெளியேறுவதால், சிறுநீரகம் தளர்ந்தால் மருந்தே நஞ்சாகிவிடும்.

இத்தனையும் அறிந்திருந்தும், ஒரு ரமலானில் நான் பரிசோதனைக்குச் செல்லவில்லை. மகன் வற்புறுத்தியபோது, "நோன்பு வைத்துக்கொண்டு இரத்தம் கொடுப்பதா?" என்று கேட்டு அவன் வாயை அடைத்தேன்.

அன்பர்களே! நான் பல்லாண்டுகள் ஃபிக்ஹுப் பாடம் நடத்தியவன். இரத்தம் குத்தியெடுப்பதால் நோன்பு முறியாது என்பது ஷாஃபிஈ, ஹனஃபீ மத்ஹபுகளின் தீர்ப்பு. முறியும் என்றவர் இமாம் அஹ்மத் இப்னு ஹன்பல். அவரது மத்ஹபை நான் அதுவரை எதிலும் பின்பற்றியதில்லை! மேலும், பரிசோதனை நிலையம் நோன்பு திறந்த பின்னரும் திறந்தே இருந்தது. நான் அஞ்சியது நோன்பு முறிவதையன்று. தாளில் வரும் எண்ணை. வலி தாளாமல், மருந்துக் கடையில் நானே டைக்ளோஃபெனாக் மாத்திரை வாங்கி நாள்தோறும் விழுங்கிவந்ததை மருத்துவரிடம் மறைத்திருந்தேன். மார்க்கத்தின் பெயரை என் கோழைத்தனத்துக்குத் திரையாக்கினேன் என்பதை நினைக்க இன்றும் நாணுகிறேன்.

பெருநாள் கழிந்து பார்த்தபோது, 0.9 ஆக இருந்த கிரியேட்டினின் 1.6 ஆகியிருந்தது. அத்தகைய வலிமாத்திரைகள் சிறுநீரகத்துக்குச் செல்லும் குருதியோட்டத்தைக் குறைப்பவை என மருத்துவர் விளக்கினார். அதை அறவே நிறுத்தினார். மெத்தோட்ரெக்சேட்டையும் சிறிது காலம் நிறுத்திவைத்தார். இரண்டு மாதங்களில் அளவு 1.1க்கு இறங்கியது. அல்ஹம்துலில்லாஹ்!

எங்கள் தாம்பரத்தை அடுத்துள்ள சானடோரியம் இரயில் நிலையத்தின் பெயர், 1928இல் அங்கு எழுந்த காசநோய் மருத்துவமனையால் வந்தது. காசம் இருமித் தன்னைக் காட்டிக்கொடுக்கும். மூட்டும் வலித்துக் கூக்குரலிடும். சிறுநீரகமோ பெரும்பகுதி பழுதுறும்வரை வாய் திறவாது. அதனாலன்றோ சென்னைச் சிறுநீரக மருத்துவர் எம்.கே. மணியின் முயற்சியில் கிட்னி ஹெல்ப் டிரஸ்ட், சிற்றூர்களில் நோயாளி வரும்வரை காத்திராமல், வீடு வீடாகச் சென்று சிறுநீரையும் இரத்த அழுத்தத்தையும் சோதித்தது!

மனிதனின் 360 மூட்டுகளுக்கும் நாள்தோறும் தர்மம் கடமை என்னும் கருத்துள்ள நபிமொழியை எத்தனையோ முறை பாடஞ்சொல்லியிருக்கிறேன். உடல் அமானிதம் என்றும், முஹாஸபா என்னும் தன்கணக்குப் பார்த்தல் முஃமினின் பண்பென்றும் உரைத்திருக்கிறேன். என் கணக்கை மட்டும் மூடி வைத்தேன்.

வலிமாத்திரையைத் தாமே வாங்கி உண்ணும் பெரியவர்கள் நம் இல்லங்களில் பலர் உளர். அவர்களிடம் அன்போடு கேளுங்கள்; மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லச் செய்யுங்கள். வரும் வியாழனன்று என் பரிசோதனை நாள். இம்முறை மகன் நினைவூட்டுமுன் நானே புறப்படுவேன், இன்ஷா அல்லாஹ்.