லெப்டொப் கத்தினால் கோல் எடுக்காதீங்க



எங்கட குடும்பத்தில் நடந்தது இது. ராத்தாட மகனின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன்.

ஓ/எல் எழுதப் போகிற பிள்ளை. கடந்தகால வினாத்தாள் தேடி ஏதோ ஒரு தளத்தில் "டவுன்லோட்" என்று இருந்ததை அழுத்தியிருக்கிறான். உடனே திரை முழுக்கச் சிவப்பு எழுத்து, காது கிழியச் சைரன். கணினி பூட்டப்பட்டுவிட்டது, மைக்ரோசொஃப்ட்டை உடனே அழையுங்கள் என்று ஒரு வட்சப் இலக்கம். உம்மா லுஹர் தொழுகையில். அவட போனை எடுத்து அழைத்துவிட்டான்.

பேசியவர் நல்ல மரியாதையாம். எனிடெஸ்க் போடச் சொன்னார். அது கள்ள மென்பொருள் இல்லை, ஒஃபிஸ்களிலும் பாவிப்பதுதான். ஆனால் அதில் வருகிற இலக்கத்தைச் சொன்னால் நம்மட லெப்டொப் அடுத்தவன் கையில். "வைரஸ் பேங்குக்குள் போயிட்டா பார்ப்போம்" என்றிருக்கிறார். ராத்தாட பாஸ்வேர்ட் அந்த லெப்டொப்பிலேயே சேமித்துக் கிடந்தது. போனுக்கு வந்த ஓடிபியையும் பிள்ளை வாசித்துக் காட்டிவிட்டான். 42,000 ரூபாய்.

உண்மையில் எதுவுமே பூட்டப்படவில்லை. அது வெறும் ஒரு இணையப் பக்கம். எஸ்கேப் பட்டனை அழுத்திப் பிடித்து பிரவுசரை மூடலாம். முடியாவிட்டால் பவர் பட்டனை அணையும்வரை அழுத்திப் பிடியுங்கள். திரும்பத் திறக்கும்போது பழைய பக்கங்களை மீட்கவா என்று கேட்டால் வேண்டாம் என்று விடுங்கள். மைக்ரோசொஃப்ட்டின் எச்சரிக்கைகளில் தொலைபேசி இலக்கம் வராது. இலக்கம் இருந்தால் கள்ளன்தான்.

யாராவது ஏற்கனவே உள்ளே விட்டிருந்தால், முதலில் இணையத்தைத் துண்டியுங்கள். பேங் கார்டின் பின்னால் உள்ள இலக்கத்துக்கு அழைத்துக் கணக்கை நிறுத்துங்கள். பாஸ்வேர்ட்களை வேறொரு போனிலிருந்து மாற்றுங்கள். இலங்கை சேர்ட்டின் இலக்கம் 101.

பிள்ளை இதில் ஒன்றும் செய்யவில்லை. வாப்பாக்குப் பயந்து ஓடிபி மெசேஜை அழித்துவிட்டு இரண்டு நாள் வாயே திறக்கவில்லை. மூன்றாம் நாள் அதே ஆட்கள். காசைத் திருப்பித் தருவார்களாம், முதலில் 15,000 கட்ட வேண்டுமாம். கட்டக் கடன் கேட்டுத்தான் என்னிடம் வந்தான், "சாச்சி, யாருக்கும் சொல்லாதீங்க" என்று.

என் வாயில் முதலில் வந்தது, "அறிவில்லையா உனக்கு? ஏன்டா ஓடிபியச் சொன்ன?" பதினொரு வருடம் படிப்பிக்கிறேன், இதைத்தான் கேட்டேன். அவன் முகம் போன போக்கைப் பார்த்த பிறகுதான், இந்தக் கேள்விக்குத்தானே இரண்டு நாள் ஒளிந்திருந்தான் என்று விளங்கியது.

அன்று மஃரிபுக்குப் பிறகு நானே கூட்டிக்கொண்டு போனேன். காசு இன்னும் வரவில்லை, வரும் என்ற நம்பிக்கையும் பெரிதாக இல்லை. மச்சான் முழுதையும் கேட்டுவிட்டுத் தேத்தண்ணியைக் குடித்து முடித்தார். பிறகு, "இதுக்கா மகன் ரெண்டு நாளா சோறு தின்னாம இருந்த?" என்று மட்டும் கேட்டார்.