வெடித்தது தோலா, பெயிண்டா?

செகண்ட் ஹேண்டில் கார் வாங்குகிறவர்கள் இன்ஜினைச் சந்தேகமாகப் பார்ப்பார்கள். தோல் சீட்டைப் பார்த்ததும் மயங்கிவிடுவார்கள். ஒரு கோடை தாண்டியதும்தான் டிரைவர் சீட்டின் வலது ஓரம் வறண்ட வயல் மாதிரி வெடித்திருப்பது கண்ணில் படும். (விற்கும்போது எதையோ பூசிப் பளபளப்பாக்கி வைத்திருப்பார்கள். அது வேறு கதை.)

உடனே வீட்டு வைத்தியம் ஆரம்பம். "தோல்தானே, காஞ்சு போச்சு" என்று அப்பா தேங்காய் எண்ணெய் பாட்டிலோடு கிளம்புவார். சித்தப்பா ஷூ பாலிஷ் டப்பாவோடு வருவார். முதல் நாள் சீட் மினுமினுக்கும். மறுநாள் கல்யாணத்துக்கு வெள்ளை வேட்டியில் ஏறி உட்கார்ந்தவரின் கதியைச் சொல்லவே வேண்டாம்.

விஷயம் என்னவென்றால், முதலில் வெடிப்பது பெரும்பாலும் தோல் இல்லை, அதன் மேலிருக்கும் பெயிண்ட். கார் சீட்டுத் தோல் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் கனம்தான். பதனிட்ட பிறகு அதன்மேல் நிறப் பூச்சும், அதற்கும் மேலே நிறமில்லாத பாலியூரித்தேன் பூச்சும் ஏற்றுகிறார்கள். கை படுவது இந்தப் பூச்சில்தான். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். முத்து மாதிரி நின்றால் பூச்சு இருக்கிறது. உறிஞ்சிக் கறுத்தால், பூச்சே இல்லாத ரகம், அல்லது தேய்ந்துபோன இடம். பூச்சின்மேல் ஊற்றுகிற எண்ணெய் உள்ளே போகாது. வெடிப்பில் மட்டும் இறங்கித் தூசியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடும். பிறகு நிஜமான ரிப்பேருக்குப் போனால் ஃபில்லரும் ஒட்டாது, பெயிண்டும் ஒட்டாது.

இதில் இன்னொரு கூத்து. தோல் சீட் என்று விற்கும் பல கார்களில் உட்காரும் பகுதி மட்டும்தான் தோல். பக்கமும் பின்புறமும் ரெக்சின். சீட்டுக்கு அடியில் மடித்த ஓரத்தைப் பார்த்தால் குட்டு வெளிப்படும். உள்பக்கம் நார் நாராக இருந்தால் தோல், துணி நெசவு தெரிந்தால் ரெக்சின்.

ரிப்பேரில் பாதி வேலை அழுக்கு எடுப்பதுதான். வெயில் ஒரு பக்கம் பூச்சை வெளுக்கவைக்க, வியர்வையும் தலை எண்ணெயும் இன்னொரு பக்கம் அரிக்கின்றன. தோல் இயல்பிலேயே லேசான அமிலத்தன்மை உள்ளது, துணி சோப்பு காரம். அதனால் தோலுக்கென்று விற்கும் க்ளீனரும் மென்மையான பிரஷ்ஷும்தான் சரி. காய்ந்ததும் மெல்லிய உப்புத்தாளால் வெடிப்பின் ஓரங்களை லேசாகத் தேய்த்து, ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைக்க வேண்டும்.

அடுத்து, வளைந்து கொடுக்கும் ஃபில்லரை மெல்லிசாகப் பூசி, காயவிட்டு, மறுபடி பூச வேண்டும். அவசரத்தில் ஒரே அப்பாக அப்பினால் அது முதலில் பிளக்கும். சட்டென்று ஒட்டும் பசை இன்னும் மோசம். கல் மாதிரி இறுகி, பக்கத்திலேயே புது வெடிப்பை உண்டாக்கும். தோல் முழுசாகக் கிழிந்திருந்தால் அடியில் ஒரு துணியைச் செருகி ஒட்டிவிட்டுத்தான் மேலே ஃபில்லர்.

இங்கே விளையாடக் கூடாத இடம் ஒன்று உண்டு. பல கார்களில் பக்கவாட்டு ஏர்பேக், சீட் முதுகின் கதவுப் பக்க ஓரத்துக்குள் இருக்கிறது. விபத்தில் அந்தத் தையல் பிரிந்தால்தான் பை வெளியே வரும். தையல் விட்டிருக்கிறதே என்று கெட்டி நூலால் இழுத்துத் தைத்தாலோ, பசை போட்டு மூடினாலோ, ஏர்பேக் இருந்தும் இல்லாத மாதிரிதான். அந்த ஓரத்தில் ஏர்பேக் என்று குறிச்சீட்டு இருந்தால் கம்பெனி சர்வீசில் கேட்காமல் கைவைக்க வேண்டாம். பழைய சீட்டின்மேல் இறுக்கமாக மாட்டும் கவருக்கும் இதே கதைதான்.

கடைசியில் கலர். வெளுத்த இடத்தைக் காட்டிக் கலர் கேட்பதுதான் எல்லோரும் செய்யும் தப்பு. வெயில் படாத ஹெட்ரெஸ்ட் பின்பக்கத்தைத் துடைத்தால் நிஜக் கலர் தெரியும். தண்ணீரில் கரையும் தோல் பெயிண்ட் ஈரமாக ஒன்று, காய்ந்தால் ஒன்று. ஆகவே மறைவான இடத்தில் தொட்டுக் காயவிட்டுப் பார்த்துவிட்டு, ஸ்பான்ஜால் ஒற்றி ஒற்றி இரண்டு மூன்று கை பூச வேண்டும். அதன் மேல் பளபளப்பில்லாத பாதுகாப்புப் பூச்சு. அதற்குப் பிறகு குறைந்தது ஒரு நாளாவது யாரும் உட்காரக் கூடாது. அன்றைக்கு ஆபீசுக்கு பஸ்தான்.