தலையும் தட்டும்

“தலையைப் பிய்த்துக்கொள்ளலாம் போல் இருக்கிறது!” என்று சொல்லாதவர் நம்மில் யார்? பெரும்பாலும் அது பேச்சோடு நின்றுவிடுகிறது. மெய்யாகவே, தம்மை மீறி, ஒவ்வொரு மயிராகப் பிடுங்கிக்கொண்டே இருப்பவர்களும் உண்டு. 1889-ஆம் ஆண்டில் ஹாலோப்போ என்னும் பிரெஞ்சு சரும வைத்தியர் இந்த உபாதைக்கு ‘டிரைக்கோட்டிலோமேனியா’ என்று நாமகரணம் செய்தார்.

நமக்கு வேண்டிய ஒரு குடும்பத்தில் பதினான்கு வயதுப் பெண் ஒருத்திக்கு இந்த உபத்திரவம் வந்தது. உச்சியில் ரூபாய் அகலத்துக்கு வழுக்கை. யாரோ சொன்னார்கள் என்று அவள் தாயார் சர்க்கரையை நிறுத்தினார், பிறகு காப்பியை, பிறகு பருப்பை. அந்தப் பெண்ணின் தட்டில் மிஞ்சியது மோரும் கண்ணீருமே. “அவள் கையைக் கட்டிப் போடவா முடியும்? என் வசம் இருப்பது சமையலறை ஒன்றுதான்” என்றார் அவ்வம்மாள். இதற்கு நாம் என்ன பதில் சொல்வது?

இன்னின்ன பதார்த்தங்களை விட்டதும் கை அடங்கிற்று என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அநுபவம் வேறு, ருசு வேறு. நன்றாகப் பரிசோதிக்கப்பட்டது உணவு அல்ல. ‘என்-அஸிடில் ஸிஸ்டீன்’ என்ற சரக்கு. 2009-இல் அமெரிக்காவில் 50 பேரை வைத்து 12 வாரம் சோதித்தார்கள். அதை உண்டவர்களில் நூற்றுக்கு 56 பேர் குணம் கண்டார்கள். வெறும் மாத்திரை உண்டவர்களில் நூற்றுக்கு 16 பேர்தான். ஆனால் 2013-இல் சிறுவர் சிறுமியருக்குக் கொடுத்துப் பார்த்தபோது, வெறும் மாத்திரையைவிட அது மேலாக இல்லை.

அளவு மீறிய காப்பி தூக்கத்தைக் கெடுக்கும், படபடப்பை உண்டாக்கும். அதைக் குறைப்பது நல்லதே. வளரும் பெண்ணுக்குப் பருப்பை மறுப்பதில் என்ன நன்மை?

வயிற்றைப் பற்றி அஞ்சத்தக்க விஷயம் வேறொன்று உண்டு. பிடுங்கிய மயிரைச் சிலர் விழுங்கிவிடுகிறார்கள். மயிர் ஜீரணமாகாது, உள்ளே பந்தாகத் திரண்டு, சஸ்திர சிகிச்சை வரையில் கொண்டுபோய் விடும். ஆகையால் வயிற்று வலியோ வாந்தியோ கண்டால் தாமதியாமல் வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

பலன் கண்ட வழி, 1973-இல் அஸ்ரின், நன் என்ற இருவர் வகுத்த பழக்க மாற்றப் பயிற்சி. கை எந்த வேளையில் தலைக்குப் போகிறது என்று கவனித்து, அந்தக் கணமே முஷ்டியை மூடிச் சிறிது நேரம் வைத்திருப்பது அதில் முக்கிய அம்சம். அதைக் கற்பிக்க மனநல நிபுணர் தேவை. கூட இருக்க வீட்டார் தேவை.

இதைத்தான் அவ்வம்மாளிடம் சொன்னோம். சாப்பாட்டு வேளையை விசாரணை வேளையாக்க வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டோம். இப்போது தாயும் மகளும் சேர்ந்தே நிபுணரிடம் போய் வருகிறார்கள். மயிர் வளரச் சில மாதங்கள் ஆகும். சாம்பார் மட்டும் மறுநாளே திரும்பி வந்துவிட்டது.