பதினோராம் மணி வேளை

எங்கள் சபையில் சாட்சி சொல்ல எழுந்திருப்பவர்கள் "தேவ கிருபையால்" என்றுதான் தொடங்குவார்கள். வீடு கட்டி முடிந்தது, மகனுக்கு வேலை கிடைத்தது, ஆபரேஷன் நல்லபடியாக நடந்தது. நன்றி சொல்லட்டும், சொல்லத்தான் வேண்டும். ஆனால் கிடைக்காதவரும் அதே பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறார். என் ஜெபம் போதவில்லையோ, எந்தப் பாவமோ என்று அவர் உள்ளுக்குள் குமைகிறார். நல்ல நடத்தைக்கு வரும் போனஸாகக் கிருபையை ஆக்கிவிட்டோம்.

எல்லாவற்றையும் விட்டு வந்த எங்களுக்கு என்ன கிடைக்கும் என்று பேதுரு ஒருமுறை கேட்டார். மத்தேயு 19-ஆம் அதிகாரத்தின் கடைசியில் இருக்கிறது. அதற்குப் பதில் சொல்லும்போதுதான் திராட்சத்தோட்டத்துக் கூலிக்கதையை இயேசு சொன்னார். எஜமான் அதிகாலை தொடங்கி பதினோராம் மணி வேளை, அதாவது மாலை ஐந்து மணி வரை ஐந்து தடவை கடைத்தெருவுக்குப் போய் ஆளெடுக்கிறார். ஆறு மணிக்கு எல்லாருக்கும் ஒரே கூலி, ஒரு பணம்.

கொத்தனார்களும் சித்தாள்களும் வேலைக்குக் காத்து நிற்கும் முக்கு ஒன்று எங்கள் ஊரில் உண்டு. மேஸ்திரி பைக்கை நிறுத்தியதும் இளவட்டங்களைத்தான் முதலில் கைகாட்டுவார். ஒன்பது மணிக்கு மேலும் நிற்பவர்கள் தலை நரைத்தவர்கள், உடம்பு மெலிந்த பெண்கள். கொண்டுவந்த தூக்குச்சட்டி திறக்காமலேயே காலடியில் இருக்கும். சோம்பல் என்று யாரும் சொல்ல முடியாது. கூப்பிட ஆளில்லை, அவ்வளவுதான். ஏன் சும்மா நிற்கிறீர்கள் என்று எஜமான் கேட்டபோது, கதையில் ஐந்து மணிக்கு நின்றவர்கள் சொன்ன பதிலும் இதுவே.

ஒரு பணம் என்பது அந்தக் காலத்தில் ஒரு நாள் கூலி. ஒரு மணி நேரம் மட்டும் வேலை செய்தவன் பன்னிரண்டில் ஒரு பங்கை வாங்கிக்கொண்டு போனால் வீட்டில் உலை வைக்க முடியுமா? ஏழையின் கூலியைப் பொழுது சாயுமுன் கொடுத்துவிட வேண்டும், அவன் பிழைப்பு அதில்தான் இருக்கிறது என்று உபாகமம் 24-இல் கட்டளையே உண்டு. அந்த எஜமான் கூலி கொடுக்கும்போது கூலியாளின் வீட்டு வயிறுகளையும் நினைத்தார் என்றே நான் வாசிக்கிறேன்.

அதிகாலையிலேயே வேலைக்கு வந்து, கூலி வாங்கும்போது முணுமுணுத்தவர்களுக்குப் பேசிய கூலியில் ஒரு காசும் குறையவில்லை. கடைசி ஆட்களைத் தங்களுக்குச் சமமாக்கியதுதான் அவர்களுக்குப் பொறுக்கவில்லை. நாளெல்லாம் வெயிலில் நின்றார்கள், உண்மை. ஆனால் இன்றைக்கு வீட்டில் சோறு உண்டு என்ற நிம்மதியோடு நின்றார்கள். விடியற்காலையிலேயே கூப்பிடப்பட்டதும் கிருபைதானே? பகல் முழுக்கக் கடைத்தெருவில் நின்றவன் பட்ட பயம் அவர்களுக்குத் தெரியாது. தலைமுறை தலைமுறையாகச் சபையில் இருக்கிற நாம் இதை நிதானமாக யோசிக்க வேண்டும்.

குடியை விட்டுவிட்டு ஐம்பது வயதில் ஒருவர் ஆலயத்துக்கு வந்தால், "எத்தனை நாளைக்கோ, பார்ப்போம்" என்று தள்ளி நிறுத்தாதீர்கள். வந்த அன்றே பெயர் கேட்டு, உங்கள் பக்கத்தில் உட்கார வையுங்கள்.