எப்போது நின்றுபோகிறது?



கடந்த இரண்டு வாரங்களாக இப்பகுதியில் தியானம் வெளிவராததைக் குறித்துச் சிலர் அன்போடு விசாரித்தீர்கள். நான் நோயுற்றிருக்கவில்லை. பதினேழாம் இலக்க நெடுஞ்சாலையின் ஓரத்தில், நின்றுபோன ஒரு பழைய மோட்டர்ஹோமின் படியில் உட்கார்ந்து, நெடுநாளாகக் கற்றிருக்க வேண்டிய ஒரு பாடத்தைக் கற்றுக்கொண்டிருந்தேன். அந்த ஊர்திக்குச் சொந்தக்காரரான அண்ணன் நம் சபையில் உங்களுக்குத் தெரிந்தவர். பெயர் சொல்லாமல் எழுதும்படி கேட்டுக்கொண்டு அனுமதி தந்திருக்கிறார்.

அவருடைய துணைவியாரை நாம் அடக்கம்பண்ணிப் பதினான்கு மாதங்கள் ஆகின்றன. ஆவணி மாதந்தோறும் அவர்கள் இருவரும் சுப்பீரியர் ஏரிக்கரையிலுள்ள அகாவா விரிகுடாவிற்குப் போய், ஏரியைப் பார்த்தபடி வண்டியை நிறுத்தி ஒரு வாரம் தங்குவது வழக்கம். 1989ஆம் ஆண்டில் செய்யப்பட்ட வண்டி. எட்டு உருளைகள் கொண்ட பெற்றோல் எஞ்சின். உள்ளே கட்டிலும் அடுப்பும் சிறிய மேசையும் உண்டு. இவ்வாண்டு அதை விற்றுவிடத் தீர்மானித்த அண்ணன், விற்குமுன் ஒருமுறை அங்கே போய்வர விரும்பினார். தனியே போக அவருக்குத் துணிவில்லை. வண்டி வழியில் திடீரென்று நின்றுவிடும் என்றார். நான் உடன்வருவதாக ஒப்புக்கொண்டேன்.

உண்மையைச் சொன்னால், அந்தப் பழுதைப் பற்றி எனக்கு முன்னமே ஒரு முடிவு இருந்தது. பொருளாதாரத் தடைக் காலத்து யாழ்ப்பாணத்தில் வாலிபனாயிருந்தவன் நான். சில துளி பெற்றோலை விட்டு எஞ்சினைக் கிளப்பி, பின்பு மண்ணெண்ணெயில் ஓட்டிய பழைய ஏ-40 கார்களோடு பழகியவன். அந்நாட்களில் வண்டி நின்றால் எண்ணெயில் அழுக்கு என்பதே முதல் தீர்ப்பு. பெரும்பாலும் அதுவே சரியாகவும் இருந்தது. ஆகவே அண்ணன் வாய் திறக்குமுன்னே, “வண்டி நெடுநாள் ஓடாமல் கிடந்திருக்கிறது, பெற்றோல் பழுதாகியிருக்கும்” என்று சொல்லி, எஞ்சினைச் சுத்தப்படுத்தும் திரவம் ஒரு போத்தல் வாங்கித் தாங்கியில் ஊற்றினேன். அவர் மறுப்பேதும் சொல்லவில்லை.

அதற்கு முன் மூன்று கராஜ்களும் இதையே வேறு விதமாகச் செய்திருந்தன. ஒருவர் பிளக்குகளை மாற்றினார். ஒருவர் பற்றவைக்கும் சுருளை மாற்றினார். ஒருவர் எரிபொருள் வடிகட்டியை மாற்றினார். எல்லாமாக ஆயிரம் டொலருக்கு மேல் செலவாயிருந்தது. ஒவ்வொரு முறையும் கராஜில் எஞ்சின் குறைவின்றி ஓடியது. ஒவ்வொரு முறையும் நெடுஞ்சாலையில் நின்றது.

ரொறன்ரோவிலிருந்து புறப்பட்டு முதல்நாள் இரவு வழியில் தங்கி, மறுநாள் பிளைண்ட் றிவரில் பெற்றோல் நிரப்பினோம். இருட்டுமுன் சேரவேண்டும் என்ற அவசரத்தில் சூ சென் மரியை நிற்காமல் கடந்தோம். வெப்பம் மிகுந்த பிற்பகல். மொன்றியல் றிவர் அருகே சாலை ஏரியை விட்டுச் செங்குத்தாக மேலேறுகிறது. பாதி மேட்டில் எஞ்சின் இரண்டு முறை இருமிற்று; பின்பு ஓய்ந்தது.

ஓடும் வண்டியில் எஞ்சின் நின்றால் ஸ்டீயரிங் கல்லைப்போலக் கனக்கும். பிரேக்குக்கும் எஞ்சினின் துணை அற்றுப்போகும். தேங்கியிருக்கும் விசையைக்கொண்டு ஒன்றிரண்டு தடவை மட்டுமே இலகுவாக அழுத்தலாம். ஆகையால் மிதித்து மிதித்து விடாமல், ஒரே அழுத்தாக அழுத்தி ஓரம்கட்ட வேண்டும். அண்ணன் அதை நிதானமாகச் செய்தார். அவசர விளக்குகளைப் போட்டு, எச்சரிக்கை முக்கோணங்களைப் பின்னால் வைத்துவிட்டு வந்தார். நாங்கள் நின்ற இடத்தில் கைபேசிக்குத் தொடர்பு இல்லை. “அரை மணி, முக்கால் மணி ஆறவிட வேண்டும், பாஸ்டர். பிறகு தானாகக் கிளம்பும்” என்றார்.

என் போத்தல் வைத்தியம் பலிக்கவில்லை. சொல்வதற்கு எனக்கு வேறொன்றும் இல்லாதபடியால், அன்றுதான் முதன்முறையாக ஒரு கேள்வி கேட்டேன். “அண்ணா, இது எப்போதெல்லாம் நிற்கிறது?”

அவர் சற்றுநேரம் பேசவில்லை. பின்பு எழுந்துபோய் மேசையின் இழுப்பறையிலிருந்து நீலநிற அட்டையிட்ட ஒரு குறிப்புப் புத்தகத்தை எடுத்துவந்தார். அது அக்காவின் புத்தகம். பெற்றோல் நிரப்பிய ஒவ்வொரு முறையும் திகதி, ஊர், ஓடிய தூரம், எத்தனை லீற்றர் என்று தம் சிறிய எழுத்தில் எழுதிவைத்திருந்தார். வண்டி நின்ற இடங்களையும் ‘நின்றது’ என்ற ஒரே சொல்லால் குறித்திருந்தார். அக்கா போனபின் அண்ணன் அதைத் திறக்கவில்லை. நடுங்கும் கையால் என்னிடம் நீட்டினார்.

படியில் உட்கார்ந்து இருவரும் வாசித்தோம். ஐந்து இடங்களில் அந்தச் சொல் இருந்தது. ஐந்தும் கோடைக்காலத்துப் பிற்பகல்கள். நின்றதற்கு அடுத்தபடியாக நிரப்பியபோது ஒவ்வொரு முறையும் எண்பது, தொண்ணூறு லீற்றர் பிடித்திருக்கிறது. தாங்கியின் கொள்ளளவோ ஏறக்குறைய நூற்றைம்பது லீற்றர். நிரப்பிப் புறப்பட்ட சில மணி நேரத்திற்குள் வண்டி ஒருமுறையும் நின்றதில்லை. குளிர்ந்த புரட்டாசிப் பயணங்களில் தாங்கி ஏறக்குறைய வெறுமையானபோதும் நின்றதில்லை. அப்படியானால் பழுதுக்கு இரண்டு நிபந்தனைகள் இருந்தன: வெப்பம் வேண்டும், தாங்கி பாதிக்குக் கீழே இறங்கியிருக்க வேண்டும்.

இந்த வகை வண்டியில் பெற்றோல் பம்ப்கள் இரண்டு உண்டு என்று அண்ணன் சொன்னார். ஒன்று தாங்கிக்குள்ளே பெற்றோலில் மூழ்கியிருந்து அதை வெளியே தள்ளிக் கொடுக்கும். மற்றது வெளியே சட்டத்தில் பொருத்தப்பட்டு, மிகுந்த அழுத்தத்தோடு எஞ்சினுக்கு அனுப்பும். சாவியைத் திருப்பியவுடன் இரண்டும் ஓரிரு விநாடிகள் ஒலி எழுப்பவேண்டும். நான் தாங்கியின் மூடியைக் கழற்றி வாயருகே காது வைத்தேன். அவர் சாவியைத் திருப்பினார். வெளியே இருந்த பம்ப் கூச்சலிட்டது. தாங்கிக்குள்ளே சிறு முனகலும் இல்லை. மூன்று முறை செய்தும் அப்படியே.

உள்ளிருந்த பம்ப் எப்போதோ செத்துவிட்டது. அது யாருக்கும் தெரியவில்லை. வெளியே இருந்தது தனியே பாரத்தைச் சுமந்தது. தாங்கி நிறைந்திருக்கும்போது பெற்றோலின் எடையே அதற்குக் கைகொடுத்தது. மட்டம் இறங்கியதும் உறிஞ்சி இழுக்க வேண்டியதாயிற்று. உறிஞ்சும்போது குழாயில் அழுத்தம் குறையும். அழுத்தம் குறைந்தால் பெற்றோல் குறைந்த சூட்டிலேயே கொதித்து ஆவியாகும். அந்தப் பம்ப் திரவத்தைத் தள்ளுமேயன்றி ஆவியைத் தள்ளாது. எல்லாம் ஆறினபின் ஆவி மீண்டும் திரவமாகும். எஞ்சின் ஒன்றும் நடவாததுபோல் கிளம்பும்.

கராஜ்களில் ஏன் அது அகப்படவில்லை என்று கேட்டேன். அண்ணன் சிறிது சிரித்தார். “வெறும் தாங்கியோட ஒருத்தரிட்ட வண்டியைக் குடுக்கலாமே, பாஸ்டர்? நிரப்பித்தான் குடுப்பன்.”

முக்கால் மணி நேரத்தில் வண்டி கிளம்பியது. மாலையின் குளிர்ச்சியில் மெதுவாக ஓட்டி அகாவாவைச் சேர்ந்தோம். அன்றிரவு ஏரியின் அலையோசை கேட்டுக்கொண்டிருக்கையில், நான் கேளாமலே அவர் பேசினார். “ஞாயிற்றுக்கிழமை நான் நல்லாத்தான் இருப்பன், பாஸ்டர். சனங்கள், பாட்டு, சாப்பாடு. திங்கள் செவ்வாயும் ஒருமாதிரி ஓடிவிடும். புதன்கிழமைதான்.” புதன் அக்காவை மருத்துவமனைக்கு அழைத்துப்போகும் நாள். இரண்டு ஆண்டுகள் அந்த நாளைச் சுற்றியே அவர் வாரம் நடந்தது. இப்போது புதன் காலையில் உடுத்திக்கொண்டு, வண்டிச் சாவியைக் கையில் எடுத்து, போக இடமின்றி நாற்காலியில் உட்கார்ந்துவிடுகிறார். சில புதன்களில் இருட்டும்வரை எழுவதில்லை.

பிரியமானவர்களே, பதினான்கு மாதங்களாக நான் அவரை ஆலய வாசலில் கைகுலுக்கி, “எப்படி இருக்கிறீர்கள்?” என்று கேட்டுவந்தேன். கர்த்தருடைய கிருபையால் நலம் என்று அவரும் சொல்லிவந்தார். அவர் பொய் சொல்லவில்லை. நான் எப்போதும் தாங்கி நிறைந்திருக்கும் நாளிலேயே கேட்டேன். அடக்கத்தின் மறுவாரம் ஆறுதலான புத்தகம் ஒன்றைக் கொடுத்ததும் உண்டு. அதுவும் நான் ஊற்றிய அந்தப் போத்தலைப் போன்றதே. நல்ல பொருள்தான், ஆனால் அவருடைய பழுது இன்னதென்று அறியாமல் கொடுத்தது.

யோபுவின் நண்பர்களைக் குறித்து நாம் கடுமையாகப் பேசுவதுண்டு. ஆயினும் அவர்கள் ஏழு இரவும் பகலும் ஒன்றும் பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை அவர்களிடம் பிழையில்லை. வாய் திறந்து காரணம் சொல்லத் தொடங்கியபோதே தவறினார்கள். நானோ அந்த ஏழு நாட்களையும் விட்டுவிட்டு நேரே சொற்பொழிவுக்குப் போய்விட்டேன்.

மறுநாள் வெயில் ஏறுமுன் வாவாவுக்குப் போய் நிரப்பினோம். அங்கே ஒரு மெக்கானிக் அளவுமானியை மாட்டிப் பார்த்து, நாங்கள் காதால் கேட்டதையே உறுதிப்படுத்தினார். பாதிக்குக் கீழே இறங்கவிடாமல் நிரப்பி நிரப்பி வீடு திரும்பினோம், ஓரிடத்திலும் நிற்கவில்லை. ரொறன்ரோவில் தாங்கியை வடித்து இறக்கி, உள்ளிருந்த பம்பை மாற்றியாயிற்று.

வண்டியை அண்ணன் சென்ற வாரம் விற்றுவிட்டார். வாங்க வந்த இளம் தம்பதியரிடம், அது எங்கெங்கே நின்றது, என்ன மாற்றப்பட்டது என்பதை ஒன்றுவிடாமல் சொன்னார். நீலப் புத்தகத்தை மட்டும் கொடுக்கவில்லை.

அவருக்கு அந்தப் புதிய பம்பைப் போல எதையும் மாற்றிவைக்க என்னால் இயலாது. அதற்கு நான் முயலவும் கூடாது. இப்போது புதன்கிழமை காலைகளில் நான் அவர் வீட்டில் தேநீர் அருந்துகிறேன். சில நாட்களில் பேசுகிறோம்; சில நாட்களில் இல்லை. அடுத்த புதன் எனக்கு வேறு கடமை இருக்கிறது. உங்களில் ஒருவர் போக முடியுமானால் எனக்குத் தெரிவியுங்கள்.

இந்த வாரம் நீங்கள் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்பதோடு நின்றுவிடாமல், எந்த நாள் கடினமானது, எந்த நேரம் கடினமானது என்று கேளுங்கள். பதில் கிடைத்தால் அறிவுரை சொல்ல அவசரப்படாமல், முடியுமானால் அந்த நாளில், அந்த நேரத்தில் அங்கே போங்கள்.

தேவசமாதானம் உங்கள் வீடுகளில் தங்குவதாக.

கிறிஸ்துவின் ஊழியத்தில்,
உங்கள் போதகர்