மஞ்சள் துணியில் முடிந்த காசு

வங்கியில் முப்பத்தொரு வருஷம் அடுத்தவர் பணத்தை எண்ணிவிட்டு ஓய்வு பெற்றவளுக்கு, அப்புறம் வாய்த்த வேலை என்ன தெரியுமா? பணமே இல்லாத இடங்களுக்குப் போய், பணத்தை எப்படி நிர்வாகம் செய்வது என்று வகுப்பு எடுப்பது! “இல்லாத பணத்துக்கு என்ன நிர்வாகம்?” என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார். மாசக் கடைசியில் எந்த வீட்டுப் பெண்ணையாவது கேட்டுப் பாருங்கள். காசு தட்டுப்பாடாக இருக்கும்போதுதான் நிர்வாகமே வேண்டும் என்பாள்.

2023 ஜூலையில் திருச்சியில் ஒரு பள்ளிக்கூட ஹாலில் இரண்டு நாள் வகுப்பு. சின்னச் சின்னத் தொண்டு நிறுவனங்களிலிருந்து 22 பேர் வந்திருந்தார்கள். அதில் 17 பேர் பெண்கள். முதியோர் இல்லம், ஏழைப் பிள்ளைகளுக்கு இலவச டியூஷன், சிறப்புக் குழந்தைகளுக்கான பகல் காப்பகம், மாதர் சங்கம், தெருநாய்களுக்கு வைத்தியம் பார்க்கிற இரண்டு காலேஜ் பெண்கள் கூட! “உங்கள் கணக்கை இருக்கிறபடியே கொண்டு வாருங்கள், அழகு பண்ண வேண்டாம்” என்று முன்னாடியே சொல்லி வைத்திருந்தேன். அப்படியே செய்தார்கள். ஒருத்தர் ஒன்றரை வருஷத்து பில்களை பிஸ்கட் டின்னில் அடைத்து எடுத்து வந்தார்.

உட்கார்ந்ததுமே முதியோர் இல்லத்துக் காரியதரிசி அம்மா ஒரு போடு போட்டார். “மேடம், நாங்க சேவை பண்றோம். கடையா வச்சிருக்கோம்? எங்களுக்கு எதுக்குப் பேரேடும் ரசீதும்? மேலே இருக்கிறவன் பார்த்துக்கிட்டுத்தானே இருக்கான்!”

பலரும் தலையை ஆட்டினார்கள். கடைக்காரர் கணக்கு எழுதாவிட்டால் அவர் பணம் போகும். நமக்குப் போவது அடுத்தவர் பணம் இல்லையா? இதைப் புத்தகத்து வார்த்தைகளில் சொன்னால் தூக்கம்தான் வரும். அதனால் அவர்களையே கேட்டேன்: “உங்கள் வீட்டில் குழந்தைக்கு ஜுரம் கண்டால் பாட்டி என்ன செய்வாள்?”

“மஞ்சள் துணியில் ஒரு ரூபாயை முடிஞ்சு வைப்பா, ஏழுமலையானுக்கு.”

“அடுத்த வாரம் பால் வாங்கக் காசில்லை. அதை அவிழ்ப்பாளா?”

“ஐயையோ! அதெப்படி?”

“ஏன்? காசு வீட்டில்தானே இருக்கிறது?”

“வீட்டிலே இருந்தா நம்மதாயிடுமா? அது சாமி காசு.”

அவ்வளவுதான் விஷயம்! தணிக்கையாளர்கள் இதைக் குறிப்பிட்ட காரியத்துக்கான நிதி என்பார்கள். மாடிக் கட்டடத்துக்கென்று ஒருவர் தந்தது, கண் ஆபரேஷனுக்கென்று ஒருவர் தந்தது, இவையெல்லாம் முடிந்து வைத்த காசு. ‘உங்கள் இஷ்டம்போல் செலவழியுங்கள்’ என்று தந்தது மட்டுமே கைக்காசு. வங்கியில் ஒரே கணக்காக இருந்தாலும் நோட்டில் இரண்டும் வேறு வேறு பக்கம்.

கேள்வி கேட்ட அம்மாவின் பாஸ்புக்கையே பிரித்தோம். இருப்பு 4,12,000 ரூபாய். பால்காரருக்கோ இரண்டு மாசப் பாக்கி! விசாரித்தால், அதில் 3,80,000 மாடியில் குளியலறை கட்ட வந்தது. ஆக, கைக்காசு 32,000. ஆனால் கமிட்டியில் எல்லோரும் நாலு லட்சத்தைப் பார்த்துவிட்டுப் புதிதாக ஓர் ஆயாவை நியமித்திருந்தார்கள். “குளியலறைப் பணத்தைக் கடனா எடுத்துக்கலாமே?” என்றார் அவர். கொடுத்தவரிடம் எழுத்து மூலம் சம்மதம் வாங்க வேண்டும், கமிட்டித் தீர்மானம் வேண்டும், எப்போது திருப்பி வைப்போம் என்ற தேதி வேண்டும். மூன்றும் இல்லாவிட்டால் தொடக்கூடாது என்றேன். முகம் சுண்டிப் போயிற்று. ஆனாலும் பென்சிலை எடுத்து அந்த 32,000-ஐச் சுற்றி ஒரு வட்டம் போட்டுக்கொண்டார்.

அதே இல்லத்தில் இன்னொரு சங்கடம். ‘ஒரு நாள் சாப்பாடு 2,500 ரூபாய்’ என்று போர்டு வைத்திருக்கிறார்கள். ஆடி அமாவாசை வந்தால் அஞ்சு குடும்பம் போட்டி போடும், பாட்டிகள் மூன்று வேளையும் பாயசம் சாப்பிட்டு வயிற்றைப் பிடித்துக்கொள்ள வேண்டியதுதான்! சாதாரணச் செவ்வாய்க்கிழமைக்கு ஆள் கிடையாது. கரண்ட் பில்லுக்கும் வாட்ச்மேன் சம்பளத்துக்கும் யாரும் பிறந்தநாள் கொண்டாடுவதில்லை. சரி, கணக்குப் போடுங்கள் என்றேன். அரிசி, காய்கறியோடு நிறுத்தாமல் காஸ் சிலிண்டர், சமையல்கார அம்மாள் சம்பளம், தண்ணீர் மோட்டார், மருந்து எல்லாம் சேர்த்து 20 பேருக்கு ஒரு நாளைக்கு 4,100 ரூபாய் ஆகிறது. அதாவது ஒவ்வொரு சாப்பாட்டு உபயத்துக்கும் இல்லம் தன் கையிலிருந்து 1,600 போடுகிறது! போர்டை ‘ஒரு நாள் பராமரிப்பு’ என்று மாற்றலாமே என்று டியூஷன் நடத்தும் பெண் யோசனை சொன்னாள். என் யோசனையைவிட அது நன்றாக இருந்தது.

அவளுடைய டியூஷனுக்குப் பன்னிரண்டு மாசக் கட்டம் போட்டோம். ஒரு பெரிய தாள், மேலே ஏப்ரல் முதல் மார்ச் வரை, கீழே வரவு, செலவு, கையிருப்பு. மாசச் செலவு 18,000. ஜூனில் மட்டும் நோட்டுப் புத்தகத்துக்கு 30,000 கூட. வரவு முக்கால்வாசியும் தீபாவளியிலும், வரிச் சலுகைக்காகச் சம்பளக்காரர்கள் அள்ளித் தரும் ஜனவரி முதல் மார்ச் வரையிலும்தான். “அதான் வருஷா வருஷம் ஜூன்ல என் வளையல் அடகுக்கடைக்குப் போகுதா!” என்று அவள் சொன்னபோது ஹாலே சிரித்தது. அவளும் சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வளையல் விஷயம் அவள் கணவருக்குத் தெரியாதாம். மார்ச்சில் கை நிறைய இருக்கும்போதே மூன்று மாசச் செலவை, 54,000 ரூபாயை, தனியே ஒதுக்கிவிட்டு மீதியில் திட்டம் போடு என்றேன்.

சாப்பாட்டு இடைவேளையில் ஒரு பெண் என்னைத் தனியே கூப்பிட்டார். பகல் காப்பகம் நடத்துபவர். “அக்கா, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். தப்பா நினைக்கக்கூடாது.” காப்பகத்துக்கு வரும் நன்கொடை எல்லாம் அவருடைய சொந்த செல்போனில், கூகுள் பே-யில் வருகிறது. சுவரில் ஒட்டியிருக்கும் க்யூஆர் அட்டையும் அவர் பெயரில்தான். காப்பகம் ஆரம்பித்த நாளில் நிறுவனத்துக்கு வங்கிக் கணக்கே இல்லை, அப்படியே பழகிவிட்டது. போன மாசக் கூட்டத்தில் ஓர் அங்கத்தினர், எல்லோர் முன்னாலும், “அந்தக் கல்யாண வீட்டுக்காரங்க தந்த 40,000 எங்கே?” என்று கேட்டாராம். அன்றிலிருந்து இவருக்குச் சோறு இறங்கவில்லை. “நான் என் நகையைப் போட்டு நடத்தறேன் அக்கா. என்னைப் போய்...”

அழட்டும் என்று கொஞ்சம் விட்டேன். கேட்டவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. கேட்ட விதம் பொல்லாதது, கேள்வி நியாயமானது.

மறுநாள் ஒரு வருஷத்து வங்கி ஸ்டேட்மென்டை அச்செடுத்து வரச் சொன்னேன். காப்பக வரி எல்லாம் சிவப்புப் பென்சில், வீட்டு வரி எல்லாம் நீலப் பென்சில். நாய் வைத்தியப் பெண்கள் இருவரும் கூட உட்கார்ந்து கூட்டினார்கள். காப்பகத்துக்காக அவர் கணக்கில் வந்தது 1,12,500. காப்பகத்துக்காக அவர் செலவழித்து, பில்லோ கையெழுத்தோ இருப்பது 1,45,300. அந்த 40,000 இரண்டு மாச வேன் வாடகைக்கும் பயிற்சியாளர் சம்பளத்துக்கும் போயிருந்தது. நிறுவனம்தான் அவருக்கு 32,800 பாக்கி! இது போக 8,200 ரூபாய்க்கு எந்தத் தாளும் இல்லை, ஞாபகமும் இல்லை. “அதையும் என் பணம்னே விட்டுடறேன்” என்றார். விடுங்கள், ஆனால் ‘விவரம் இல்லை’ என்று எழுதி, கமிட்டியில் படித்துக் காட்டிவிட்டு விடுங்கள் என்றேன். 32,800-ஐத் திருப்பி வாங்க மாட்டேன் என்று ஒரே பிடிவாதம். சேவைக்குக் கூலியா என்கிறார். சரி, அதை நன்கொடையாக வரவு வைத்து உங்கள் பெயருக்கே ரசீது போடுங்கள் என்றேன். எழுதாமல் கொடுக்கிற பெருந்தன்மை நம்மைத்தான் கடைசியில் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துகிறது. இதைப் பெண்களிடம் நான் அதிகமாகவே பார்க்கிறேன்.

அன்று சாயங்காலமே நிறுவனத்தின் பெயரில் கணக்குத் திறக்க விண்ணப்பம் எழுதினோம். இரண்டு பேர் கையெழுத்து. அந்த இரண்டு பேரும் அக்கா தங்கையாகவோ கணவன் மனைவியாகவோ இருக்கக்கூடாது. பணம் வாங்குகிறவர் ஒருத்தர், நோட்டில் எழுதுகிறவர் இன்னொருத்தர். ரசீதுப் புத்தகத்தில் வரிசை எண், அடியில் கார்பன் நகல். தப்பாக எழுதிவிட்டால் கிழிக்காமல் குறுக்கே கோடு போட்டு இரண்டையும் வைக்க வேண்டும். ராத்திரி பெட்டியிலிருக்கும் ரொக்கமும் நோட்டும் ஒத்துப்போன பிறகுதான் தூக்கம். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தந்தால் தந்தவருக்கு 2017 ஏப்ரலிலிருந்து வரிச் சலுகை கிடையாது; 80ஜி ரசீது கேட்கிறவரிடம் இதை முதலிலேயே சொல்லிவிடுவது மரியாதை.

“தம்பி அமெரிக்காவுல இருக்கான், 50,000 அனுப்பறேங்கறான், வாங்கலாமா?” என்று மாதர் சங்கத்து மாமி கேட்டார். தம்பி இந்தியப் பாஸ்போர்ட்டிலேயே இருந்து, சொந்தச் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டால், கூடப் பிறந்த தம்பியே ஆனாலும், சட்டத்தின் கண்ணில் அது வெளிநாட்டுப் பணம். மத்திய உள்துறை அமைச்சகத்தின் பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் வாங்கக்கூடாது. 2020-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, பதிவு உள்ளவர்களும் அதை ஸ்டேட் பாங்கின் புதுதில்லி முதன்மைக் கிளையில் கணக்குத் திறந்துதான் வாங்க வேண்டும். நிர்வாகச் செலவுக்கான உச்சவரம்பையும் 50 சதவீதத்திலிருந்து 20-ஆகக் குறைத்துவிட்டார்கள். மாமி, “நீ ஊருக்கு வரும்போது பார்த்துக்கலாம்னு சொல்லிடறேன்” என்றார்!

பொருளாக வருவதை எழுத வேண்டுமா என்பது அடுத்த சந்தேகம். விருதுநகரில் 1889-ல் தொடங்கிய க்ஷத்ரிய வித்யாசாலாவுக்கு வீட்டுக்கு வீடு பிடி அரிசி சேர்த்தார்கள். காமராஜர் படித்த பள்ளி அது. பிடி அரிசியில் பள்ளிக்கூடமே நடத்த முடியுமென்றால், அரிசிக்கு ஒரு நோட்டு வேண்டாமா? எத்தனை மூட்டை வந்தது, எத்தனை உலையில் போனது, மிச்சம் எத்தனை, மூன்றே பத்தி போதும். புடவைக்கும் அதேதான்.

வகுப்பு முடிகிற நேரத்தில், “நாங்க எழுதிடுவோம், யாரு சரி பார்க்கிறது?” என்று கேட்டார்கள். ஆடிட்டர் வருஷத்துக்கு ஒரு தடவைதான் வருவார். அதனால் இரண்டு இரண்டு பேராக ஜோடி சேர்த்துவிட்டேன். மாசக் கடைசி சனிக்கிழமை ஒருவர் பெட்டியை இன்னொருவர் எண்ணிப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். கடையா வச்சிருக்கோம் என்று கேட்ட அம்மாவுக்கு ஜோடி, காப்பகத்துப் பெண்.

ஆகஸ்டு கடைசி சனிக்கிழமை ராத்திரி ஒன்பதரைக்கு அந்த அம்மாவிடமிருந்து போன். “மேடம், இந்தப் பொண்ணு என்னை வீட்டுக்கு விட மாட்டேங்குது. 37 ரூபாய் உதைக்குது. நானே போட்டுடறேன்னாலும் கேக்க மாட்டேங்குது!” பின்னாலிருந்து, “இருங்கம்மா, பால் வவுச்சரை இன்னொரு தடவை பார்க்கலாம்” என்று ஒரு குரல். பத்து மணிக்குத் திரும்பக் கூப்பிட்டார்கள். ஒரு பஸ் டிக்கெட், பால் பில்லின் முதுகில் ஒட்டிக்கொண்டிருந்ததாம்.