நட்டவர் பெயர்

திருகோணமலை என்றதும் கோணேசர் கோயிலும் இயற்கைத் துறைமுகமுமே நம் நெஞ்சில் எழுகின்றன. அத்துறைமுகத்தை அண்டி நிற்கும் பழைய மாளிகைகளையும் அவற்றின் தோட்டங்களையும் நினைப்பவர் சிலரே. அவற்றைக் காண ஒரு நாள் புறப்பட்டனர் ஒரு மாணவியும் அவளுடைய அம்மப்பாவும். அவள் பல்கலைக்கழகத்தில் வரலாறு பயில்பவள். அவரோ, 1957ஆம் ஆண்டு பிரித்தானியர் கடற்படைத் தளத்தைக் கையளித்துச் செல்லும்வரை, அதிகாரி ஒருவரின் பங்களாத் தோட்டத்தில் தம் தந்தைக்குத் துணையாக நீர் சுமந்த சிறுவர்.

முதலிற் கண்டது பிரெட்றிக் கோட்டை. போர்த்துக்கேயர் தாம் இடித்த கோயிலின் கற்களைக் கொண்டே 1624இல் எழுப்பிய கோட்டை அது. உள்ளே, புள்ளிமான்கள் இளைப்பாறும் மரநிழலுக்கு அப்பால், வெல்லெஸ்லியின் பெயர் தாங்கிய பங்களா நிற்கிறது. பின்னாளில் வெலிங்டன் கோமகனாகி 1815இல் வோட்டலூவில் நெப்போலியனை வென்ற ஆதர் வெல்லெஸ்லி, 1800-01இல் திருகோணமலையில் தங்கியிருந்தார். இங்கு நோயுற்றமையால் அவர் ஏறாது விட்ட கப்பல் கடலில் மூழ்கியதென்பது ஊர்வழக்கு. அவர் நோயுற்றது பம்பாயிலேயே என்பதை மாணவி எடுத்துரைத்தாள். அம்மப்பா முறுவலித்தார்.

"பெரிய ஆக்களின்ர காய்ச்சலுக்கும் சரித்திரம் இருக்குது, பிள்ளை" என்றார்.

அடுத்து, ஒல்லாந்தக் கடற்படை ஆணையாளரின் இல்லம். இன்று அது கடல்சார் அருங்காட்சியகம். மாணவி தூண்களை நோக்கினாள். அவர் மண்ணை நோக்கினார். கச்சான் காற்று வீசும் வறண்ட மாதங்களில் மணல் நிலத்தில் ஒரு செவ்வரத்தையைக் காப்பதற்கு எத்தனை வாளி நீர் வேண்டும் என்பதை அவர் அறிவார். உப்புக்காற்று தளிரைக் கருக்கிவிடும். ஆகவே கடற்பக்கம் பூவரசை அரணாக நட்டு, அதன் மறைவிலேயே பூஞ்செடிகளை வைத்தார் அவர் தந்தை. எருவும் சருகும் இட்டு மணலை மண்ணாக்கவே ஆண்டுகள் சென்றனவாம். தூண்களை அளக்கத் தெரிந்தவளுக்கு இது புதிய பாடமாயிற்று.

பின்னர் பழைய கல்லறைத் தோட்டத்தில், நாவலாசிரியை ஜேன் ஒஸ்ரினின் தம்பியாகிய கடற்படைத் தளபதி சாள்ஸ் ஒஸ்ரினின் கல்லறையைக் கண்டனர். 1852இல் பர்மாவில் வாந்திபேதியால் இறந்தவர் அவர். கடல் கடந்து வந்து துயில்வதோ இம்மண்ணில்.

மாலையில், அம்மப்பா வேலை செய்த பங்களா இருந்த வீதிக்கு வந்தனர். உள்ளே செல்ல அனுமதியில்லை. மதிலுக்கு மேலாக ஒரு முதிய பூவரசு மட்டும் தெரிந்தது.

"அது அப்பா வைச்சதோ?" என்று கேட்டாள்.

"அப்பா வைச்சதாயும் இருக்கலாம். அதின்ர விதையில முளைச்சதாயும் இருக்கலாம்."

இருந்தோர் பெயர் ஏடுகளில் உள்ளது. நட்டோர் பெயர் நினைவில் மட்டுமே வாழ்கிறது. அந்நினைவுக்கும் இப்போது எண்பது வயது கடந்துவிட்டது. மாணவி குறிப்பேட்டை விரித்து, வெல்லெஸ்லிக்கும் ஒஸ்ரினுக்கும் கீழே எழுதுவதற்காகத் தன் பூட்டனாரின் முழுப்பெயரைக் கேட்டாள். கிழவர் உடனே விடை கூறவில்லை. அதுவரை அவரிடம் எவரும் அதைக் கேட்டதில்லை.